கயிற்றில் விட்டிருந்த இடம்

என் மூத்த மாமாவின் கரைவலையைப் பன்னிரண்டு பேர் கரையில் நின்று இழுப்பார்கள். ஆனால் கயிற்றில் பதின்மூன்று பேருக்கு இடம் இருக்கும். மாமாவுக்கும் அவருக்குப் பின்னால் நிற்பவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு வெறுமையாகக் கிடக்கும். அதில் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள். எல்லாக் கரைவலையும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. காலையில் கடற்கரைக்குத் தேத்தண்ணி கொண்டுபோவது என் வேலை. மாமா என் உம்மாவுக்கு மூத்த காக்கா; அண்ணனை நாங்கள் காக்கா என்போம். வலைக்கு அவர்தான் தண்டயல். அவர் சொன்னால்தான் கயிற்றைப் பிடிப்பார்கள், அவர் சொன்னால்தான் விடுவார்கள். தோணியில் நிற்கிறவனுக்கும் கேட்கக் கத்துகிற மனுஷன், என்னோடு மட்டும் மெல்லக் கதைப்பார்.

ஒருநாள் வலை பாரமாக வந்தது. இழுக்கிறவர்கள் இடுப்பில் கட்டிய சிறு கயிற்றைப் பெரிய கயிற்றில் முடிந்துகொண்டு பின்னால் சாய்ந்து நின்றார்கள். குதிகால்கள் மணலில் புதைந்தன. பாவமாக இருந்தது. நானும் போய் அந்த வெறும் இடத்தில் கயிற்றைப் பிடித்தேன்.

அதை எப்படிச் சொல்வதென்று இன்றைக்கும் தெரியாது. மற்றவர்களின் கையில் முறுக்கேறி நின்ற கயிறு என் கையில் இலேசாக இருந்தது. நான் இழுக்கவில்லை. பக்கத்தில் நின்று யாரோ எனக்கும் சேர்த்து இழுப்பதுபோல அது தானாகப் போனது. வெயில் ஏறிய நேரத்தில் அந்த ஒரு முழம் மட்டும் கிணற்றுத் தண்ணீர்போலக் குளிர்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

மாமா திரும்பிப் பார்த்தார்.

“உடு! கயித்த உடு!”

எனக்குத்தான் சொன்னார். ஆனால் தண்டயலின் சத்தம் கேட்டால் யாருக்கென்றா பார்ப்பார்கள்? முடிச்சுகளை உருவிவிட்டுப் பன்னிரண்டு பேரும் கயிற்றைப் போட்டார்கள். அது பாம்புபோல மணலில் ஓடிக் கடலுக்குள் இறங்கியது. அன்றைய மீன் முழுக்கப் போனது. ஒருவரும் ஏசவில்லை. பின்னால் நின்ற கிழவர் மட்டும் குனிந்து, “அதுல ஆள் நிக்குது, மகள்” என்றார்.

வீட்டுக்கு ஓடிவந்து உம்மாவைக் கேட்டேன். உம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

“சண்டக் காலம். நீ அப்ப பொறக்கல்ல. கூப்பனுக்கு அரிசி, அதுவும் புழு. மரவள்ளிக் கிழங்கத் திண்டு திண்டு நாக்குச் செத்துப் போச்சி. ஜப்பான்காரன் வாறான் எண்டு விளக்கச் சட்டியால மூடி வெப்பம். ஒருநாள் வலை இழுக்கக்குள்ள பிளேன் ஒண்டு தாழ வந்திச்சி. உன்ட மூத்த மாமா, உடுங்கடா, ஓடுங்கடா எண்டு கத்தினாரு. எல்லாரும் ஓடிட்டாங்க. உனக்கு ஒரு சின்ன மாமா இருந்தான், மூத்த மாமாக்குத் தம்பி; அவன்ட முடிச்சு மட்டும் எறுகி அவுழல்ல. வலை அவன இழுத்துட்டுப் போயிட்டு.”

“குண்டு போட்டானா உம்மா?”

“குண்டும் இல்ல, ஒண்டும் இல்ல. அது வெள்ளக்காரன்ட பிளேனாம். அவன்ட மையத்தும் கரைக்கு வரல்ல.”

அன்று அஸர் தொழுதுவிட்டு மாமா வந்தார். உம்மா அடுப்படியில் இருந்தாள். நான் முற்றத்தில் இருந்தேன். மாமா எனக்குப் பக்கத்தில் குந்தினார்.

“மகள், ஒண்டு கேக்கட்டா? அதுல நிண்ட நேரம் ஆள் தெரிஞ்சிச்சா?”

“ஓம்.”

நான் பெரியவர்கள் எதைக் கேட்டாலும் ஓம் என்கிற பிள்ளை. கூச்சம். ஓம் என்றால் கேள்வி சீக்கிரம் முடியும். கடல் வற்றிவிட்டதா என்று கேட்டாலும் இவள் ஓம் என்பாள் என்று உம்மா பகிடி பண்ணுவாள்.

“என்னயப் பாத்தானா?”

“ஓம்.”

மாமா கடல் பக்கம் பார்த்தார். உம்மாவுக்குக் கேட்காதபடி சத்தத்தை இன்னும் இறக்கினார்.

“காக்கா, முடிச்சு! காக்கா, முடிச்சு! எண்டு கூப்பிட்டான். எனக்குக் கேட்டிச்சி. கேட்டுட்டுத்தான் ஓடின நான். அது அவனுக்குத் தெரியுமா?”

“ஓம்.”

அதற்குப் பிறகு மாமா கயிற்றில் கை வைக்கவில்லை. வலை பந்தலில் கிடந்து உக்கியது. வேலையாட்கள் வேறு வலைகளுக்குப் போனார்கள். மௌத்தாகும்வரை அவர் கடலுக்கு முதுகு காட்டித்தான் இருந்தார். மீன் போன வெட்கம் என்று ஊரில் சொன்னார்கள்.

இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொப்பியோடு வந்து, சண்டைக் காலத்தைச் சொல்லுங்க என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் பெரியவளான பிறகு கண்ட சண்டையைச் சொல்கிறேன். உம்மா கண்டதில் கூப்பன் அரிசியையும் சட்டி மூடிய விளக்கையும் சொல்கிறேன். அவர்களும் எழுதிக்கொண்டு போகிறார்கள். இதை மட்டும் சொன்னதில்லை.

அன்றைக்கு மாமா என் தலையில் கை வைத்தபடி வெகுநேரம் இருந்தார். கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் நானும் அசையாமல் இருந்தேன்.