ஸ்பிரிங் கணக்கில் விடுபட்ட பூசம்

"கிராணி, வர்ற வருஷமும் ஸ்பிரிங் தீர்ந்துபோச்சுன்னா, நீ வேற வேலை பாத்துக்கோ."

துரை இதைச் சொன்னது அக்டோபரில். நான் வேலை பார்ப்பது கோலாலம்பூரில் ஒரு மோட்டார் கம்பெனியில். பெட்டிபெட்டியாகக் கப்பலில் வரும் சேசிஸ் என்ற அடிச்சட்டத்தின்மேல் பஸ் பாடி கட்டுவோம். ஓடுகிற பஸ்களைப் பழுதும் பார்ப்போம். நான் ஸ்டோர் கிராணி; சாமான் இருப்புக்குக் கணக்கு வைக்கிற குமாஸ்தா. இரண்டு வருஷமாக, ஆண்டு பிறந்த கொஞ்ச நாளில் பஸ்ஸின் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை ஸ்டோரில் தீர்ந்து, பஸ்கள் பட்டறை வாசலில் வரிசையாக நின்றன.

எனக்குக் கணக்கில் கர்வம் உண்டு. ஸ்டோரிலிருந்து வெளியே போன சாமானை எழுதும் இரண்டு வருஷ இஸ்யூ புக்கைப் பார்த்து, மறுபக்கம் தெரியும் எண்ணெய்த்தாளில் வருஷத்துக்கு ஒன்றாக நாள்வாரியாகக் கிராஃப் போட்டேன். இரண்டிலும் பிப்ரவரியில் ஒரு மேடு. ஏன் என்று யோசிக்கவில்லை. பிப்ரவரிக்கு மூன்று மடங்கு என்று சூத்திரம் எழுதி, ஜனவரிக் கடைசியில் சரக்கு போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கும்படி இங்கிலாந்துக்கு இன்டென்ட், அதாவது ஆர்டர், அனுப்பினேன்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி சொன்னாள்: "இந்தத் தடவை பூசம் சீக்கிரமே வருதுங்க. தை ஏழாந்தேதியே. பால்குடத்துக்கு இப்பவே சொல்லி வைக்கணும்."

தை ஏழு என்றால் ஜனவரி இருபது; என் சரக்கு இறங்குவதோ ஜனவரிக் கடைசியில். பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். இரண்டு எண்ணெய்த்தாளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு வருஷத்துப் பூச நாளும் மறு வருஷத்துப் பூச நாளும் பொருந்தும்வரை நகர்த்தினேன். மேடுகள் அச்சாகப் பொருந்தின. பிப்ரவரிக்கும் ஸ்பிரிங்குக்கும் சம்பந்தமே இல்லை. பூசத்துக்குப் பத்துமலை முருகன் கோயிலுக்கு ஆள் ஏற்றிப் போகும் பாரம்தான் பட்டைகளை ஒடித்திருக்கிறது.

துரையிடம் போய்த் தப்பை ஒப்புக்கொண்டேன். அவர் ஜன்னலருகே வந்து தாள்களைத் தாமே ஒரு முறை நகர்த்திப் பார்த்தார்.

"கப்பலுக்கு எத்தனை வாரம்?"

"ஐந்து வாரம், சார்."

"அப்போ ஏன் இங்கே நிக்கிறே? முன்னாடியே அனுப்பச் சொல்லிப் போய்த் தந்தி அடி!"

சரக்கு பூசத்துக்கு மூன்று நாள் முன்னால் ஸ்டோருக்கு வந்தது. மறுநாளே கிள்ளானிலிருந்து பஸ்காரர் சாமிக்கண்ணு வந்துவிட்டார். அவருக்கு இருப்பதே இரண்டு பஸ்.

"கிராணியாரே, முன்பட்டை ஒடிஞ்சிருச்சு. பூசத்துக்கு ஆளுங்க எல்லாம் சொல்லி வச்சுட்டாங்க. இருக்குன்னு மட்டும் சொல்லுங்க லா."

"இருக்கு அண்ணே" என்றேன். பட்டையை எடுத்துக் கொடுத்து இஸ்யூ புக்கில் எழுதினேன். வேலை தப்பியது என்று அப்போதுதான் மனசுக்கு உறைத்தது.

பூசத்தன்று அவர் பஸ்ஸிலேயே குடும்பத்தோடு பத்துமலைக்குப் போனேன். படியில் நாலு பேர் தொங்கினார்கள். என் மடியில் ஒரு பிள்ளை, தோளில் இன்னொன்று. போன இரண்டு வருஷமும் இப்படித்தான் போனோம். அந்த மேட்டில் நாங்களும் உட்கார்ந்திருந்தோம்; கிராஃப் போட்ட எனக்குத்தான் அது தெரியவில்லை. புதிதாக ஸ்டோருக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: சூத்திரம் எழுதுவதற்கு முன், அந்தப் பாரம் யாருடையது என்று கேளுங்கள். அது உங்களுடையதாகவே இருக்கலாம்.