கீழே வடிந்தது

கை பழகிய வேலை என்பார்களே, நாத்துகுண்டாவுக்கு அது அப்படி. ம்பராரா நகர ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்துக்கு வரும் சதைத் துணுக்கைக் கரைத்து, வடிகட்டி பொருத்திய குழாயில் ஊற்றி எந்திரத்தில் சுழலவிடுவாள். டி.என்.ஏ. வடிகட்டியில் ஒட்டிக்கொள்ளும். கீழே வடிவதைக் கழிவுப் புட்டியில் கொட்டிவிடுவாள். வருஷக்கணக்காக இதே கதைதான்.

சிறுவன் அமான்யாவின் தாடைக் கட்டியிலிருந்து வந்ததோ அரிசி மணியளவுதான். அதை வெட்டி எடுக்கும்போதே ரத்தம் நிற்காமல் பிள்ளை சாகக் கிடந்தான். அந்தத் துணுக்கிலிருந்தே டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டையும் எடுத்தாக வேண்டும். இரண்டும் கிடைத்தால்தான் எந்த மருந்து என்று டாக்டர் முடிவு செய்ய முடியும். அதற்கென்று வந்திருந்த புது முறையில், கீழே வடிவதில்தான் ஆர்.என்.ஏ. இருக்கும்.

காலையிலிருந்தே நாத்துகுண்டாவுக்குப் பயம். ஆர்.என்.ஏ. லேசில் சிதைந்துவிடும் என்று மூச்சு விடவே பயந்தாள். கையுறையை மாற்றி மாற்றிப் போட்டாள். சுழலும் எந்திரம் நின்றது. வடிகட்டியைப் பத்திரமாக எடுத்து வைத்தாள். அவ்வளவு பயந்தவளின் கை, அவளைக் கேட்காமலே, வடிந்ததைக் கழிவுப் புட்டியில் கொட்டிவிட்டது. கை என்ன கண்டது புது முறையை!

"ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றான் பக்கத்து மேசை பைருகாபா.

"கொட்டிட்டேன்."

அவன் புட்டியை எட்டிப் பார்த்தான். யார் யாருடைய கழிவோ கலந்து கிடந்தது. இனி எதையும் பிரிக்க முடியாது; துணுக்கிலும் மிச்சம் இல்லை.

"வாயத் திறக்காத. நேத்து கரண்ட் போச்சுல்ல, ஃப்ரீசர்லயே கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம்."

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் வேறு. ஆனால் என்ன பொய் சொன்னாலும் பிள்ளையை மறுபடி வெட்டத்தான் வேண்டும். யாரால் என்பது மட்டும் தாய்க்குத் தெரியாமல் போகும். அதை நினைத்ததும் கையுறையைக் கழற்றிப் போட்டாள். டாக்டரிடம் சொன்னாள். அவர் திட்டித் தீர்த்துவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனார்.

"மறுபடியுமா?" தாய் கெமிகிஷா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"என் தப்புதான் அக்கா. நான்தான் கொட்டினேன். இந்தத் தடவை வேற ஆள் செய்வாங்க. நான் தொடவே மாட்டேன்."

கெமிகிஷா அவளை முறைத்துப் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"நீ மட்டும் தப்பிச்சுக்கலாம்னு பாக்கிறியா? அதெல்லாம் நடக்காது. நீதான் செய்யணும். எனக்குச் சமமா பயந்துபோன ஆளு இந்த ஆஸ்பத்திரியில நீ ஒருத்திதான்."