எருமைக்குத் திருஷ்டி

சென்னையின் நவீன மிருகக்காட்சி சாலையில் நிம்மதியான மிருகங்களைப் படமெடுக்கப் போய், கிட்டத்தட்ட ஃபிலிம் ரோல் முழுக்கப் புலியின் முதுகை எடுத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். அழகர்கோவில் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேமராவில் மிச்சம் ஒரே ஒரு படம். எதிரே கண்மாயில், கழுத்தளவு தண்ணீரில் படுத்து ஓர் எருமை கண்ணை மூடி அசைபோடுகிறது. நான் தேடி அலைந்த நிம்மதி இதுதான்.

கேமராவைத் தூக்கியதும் கரையில் நிற்கும் எருமைக்காரி மறிக்கிறார்.

"எடுக்காதீகண்ணே. கண்ணு பட்டா பாலு வத்திரும்."

"கன்னத்துல ஒரு கறுப்புப் பொட்டு வச்சு விடும்மா."

"எரும மேல கறுப்புப் பொட்டு எங்கிட்டுத் தெரியும்?"

இருவரும் யோசிக்கிறோம். என் பஸ் வந்து, நின்று, போகிறது. அவர் என் வழுக்கையையும் தொப்பையையும் நிதானமாகப் பார்க்கிறார். கட்டுகிற வீட்டுக்குத் திருஷ்டி பொம்மை வாங்குகிறவர்கள் கடையில் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"நீங்க இறங்கி அது பக்கத்துல நில்லுங்கண்ணே. பாக்குற கண்ணு அம்புட்டும் உங்க மேல போயிரும்."

கேமராவை அவரிடம் கொடுத்துவிட்டு, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்குகிறேன். எருமை கண்ணைத் திறக்கவே இல்லை. நான் படத்துக்குத் தயாராகிறேன்.

"சிரிக்காதீகண்ணே," என்கிறார் அவர் கவலையோடு. "கொஞ்சம் லட்சணமாத் தெரியுது."