கலாநிதிப் படிப்புக்கு ஆர் வருவினம்?

படிவத்தை நிரப்புவதைவிட, நிரப்பியதை வாங்கிச் சரிபார்ப்பதுதான் பெரிய தலையிடி. கந்தோர் மேசைக்கு எந்தப் பக்கத்தில் இருந்து பாடுபட்டவர்களுக்கும் இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எங்கள் பல்கலைக்கழகச் சட்டத்துறை கலாநிதிப் படிப்பு, அதாவது பிஎச்.டி., தொடங்க விண்ணப்பம் கோரியபோது, பதிவு வேலை என் தலையில் விழுந்தது. பொறுப்பான பேராசிரியை முதலே சொல்லிவிட்டார்: நாலு பேராவது சேராவிட்டால் தொடங்க விடமாட்டார்கள். முதல் கிழமை ஒருவரும் வரவில்லை. கதவுச் சத்தம் கேட்டாலே எழும்பிப் பார்ப்பேன்.

முழுநேரம்

முதலாவதாக வந்தவர் குருநகரைச் சேர்ந்த இளம் சட்டத்தரணி. தகப்பன் கடற்றொழிலாளி, அவரும் கூடவே வந்திருந்தார். கடல் எல்லையும் மீனவர் உரிமையும்தான் மகளின் தலைப்பு. படிவத்தில் ‘முழுநேரம்’ என்று அடையாளமிட்டிருந்தார்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டுமே. முழுநேரமென்றால் மூன்று வருசம் வழக்குப் பேசப் போகமுடியாது, யோசித்துச் செய்யுங்கோ என்றேன். மகள் தகப்பனைப் பார்த்தார். அவர் யோசிக்கவேயில்லை.

“தங்கச்சி, எங்கடை வலையை அறுக்கிறவங்களைக் கேக்க ஒரு சட்டம் இருக்கோ எண்டு நான் முப்பது வருசமாத் தேடுறன், இவள் மூண்டு வருசத்திலை கண்டுபிடிச்சால் லாபம்தானே?”

பகுதிநேரம்

இரண்டாமவர் புத்தூர்க்காரர். காலையில் நீதிமன்றம், பின்னேரம் வெங்காயத் தோட்டம். நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம் என்பது அவருடைய ஆய்வு. நேர்முகத் தேர்வன்று மழை இருட்டிக்கொண்டு வர, பிடுங்கிய வெங்காயத்தை விட்டுவிட்டு வரமுடியாமல், தோட்டத்திலிருந்தே போனில் சூமுக்கு வந்தார்.

கொழும்பிலிருந்து பேசிய தேர்வாளர், இந்தத் தலைப்பு ஏன் அவசியம் என்று கேட்டார். இவர் போனைக் கிணற்றுக்குள் திருப்பினார். “உந்தப் பாசிக்கோடு என்ரை அப்பற்றை காலத்து மட்டம். இப்ப தண்ணி எங்கை கிடக்கெண்டு பாருங்கோ. பக்கத்துக் காணியிலை மோட்டர் போட்டால் உதுவும் இல்லை.” எங்கள் பேராசிரியை உற்சாகத்தில் மேசையைத் தட்டினார்.

“அண்ணை, உங்கடை முதலாம் அத்தியாயம் உந்தக் கிணத்துக்குள்ளையே கிடக்கு, மழைக்கு முதல் வெங்காயத்தை அள்ளிப்போட்டு வந்து எழுதுங்கோ!”

எந்த மொழியில்?

மூன்றாமவர் மாத்தறைச் சிங்களப் பொடியன். யாழ்ப்பாணத்துச் சொத்துச் சட்டமான தேசவழமையை ஆராய வந்தவர். ஆங்கிலத்தில் எழுதலாம் என்றாலும், பழைய சீதன உறுதிப் பத்திரங்கள் தமிழில் இருக்கின்றனவே என்று பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், திருநெல்வேலியில் அறை எடுத்து, சந்தையில் மரக்கறி வாங்கி வாங்கியே தமிழ் பழகினார்.

அவர் வரப்போகிறார் என்று நானும் நாலு சிங்கள வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். வந்ததும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். அவர் மிகவும் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீங்கள் தமிழிலையே கதையுங்கோ, அதெண்டால் எனக்கு விளங்கும்.”

ஏழும் பத்தொன்பதும்

முடிவு நாள். மூன்று பேர்தான். பேராசிரியை மணிக்கூட்டைப் பார்க்கிறார், நான் வாசலைப் பார்க்கிறேன். மூன்று மணிக்கு வெள்ளைப் பிரம்புடன் ஒருவர் படியேறி வந்தார். நெல்லியடியில் படிப்பிக்கும் ஆசிரியை, சட்டப் பட்டதாரி, கண்பார்வை இல்லாதவர். வாசிக்கும் மென்பொருள் எங்கள் விதிக்கோவையைத் திறக்க மறுத்துவிட்டதாம். “நீங்கள் வாசியுங்கோ அக்கா, கேட்டுப்போட்டு முடிவெடுக்கிறன்” என்றார்.

வாசித்தேன், மூச்சு வாங்க வாங்க. நான் எத்தனையோ தரம் சரிபார்த்த விதிகள். பத்தொன்பதாவதில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“ஏழாம் விதியிலை பகுதிநேரத்துக்கு அஞ்சு வருசம் எண்டு வாசிச்சனீங்கள், இதிலை ஆறு எண்டு வாசிக்கிறியள், எனக்கு அந்த ஆறைத் தாங்கோ, இப்பவே கையெழுத்து வைக்கிறன்.”

நாலும் நிறைந்து படிப்பும் தொடங்கிவிட்டது. ஆர் வருவினம் என்று பயந்துகொண்டிருந்த நாங்கள், இப்போது வந்தவர்கள் என்ன கேட்பார்களோ என்று பயந்துகொண்டிருக்கிறோம்.