மேடைக்கு முதுகு காட்டி நின்றவர்

அரண்மனை மைதானத்தில் வெளிநாட்டு ப்ளூஸ் ராக் குழு ஒன்று வாசித்த மாலையில் அவரைப் பார்த்தேன். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், ஸ்பீக்கரை ஒட்டி, காதில் பஞ்சோடு நின்ற நரைமீசைக் காவலாளி. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாரே தவிர, மேடைப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கூட்டத்தைக் கவனிப்பதுதான் அவர் வேலை.

ஆபீஸ் களைப்பில் நான் கம்பியில் சாய்ந்து கண்ணை மூடினேன். கிடார் உச்சத்துக்கு ஏறியபோது தோளைத் தட்டினார்.

“தூங்கறீங்களா சார்?”

“இல்லண்ணா, கேட்டுட்டுதான் இருக்கேன்.”

“அப்போ கண்ணத் தொறங்க சார். உங்க மூஞ்சிங்களப் பாத்துதான் அவன் எப்படி வாசிக்கறான்னு எனக்குத் தெரியுது.”

கடைசிப் பாட்டு வரை கண்ணை மூடவில்லை. அவ்வளவு களைத்த முகத்தில் அவருக்கு என்ன கேட்டிருக்குமோ, இன்னும் தெரியவில்லை.