பக்கத்து இருக்கையின் பிரேக்

ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்ட் எடுப்பதுதான் அவருடைய வேலை. டெஸ்ட் வண்டியில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக் உண்டு. பக்கத்து இருக்கையில் அவருடைய காலுக்கடியில் இன்னொன்று. அந்த இரண்டாவது பிரேக்கை வைத்தே ஊர் அவருக்குப் பெயர் சூட்டிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் பிரேக்தான். "பிரேக் வீடு எது?" என்று கேட்டால் தபால்காரர் முதல் பூனை வரை கை காட்டும்.

அவரைப் பற்றி உலவிய கதைகளில் பாதி பொய். மீதி அதைவிடப் பெரிய பொய். சவ ஊர்தி ஓட்ட வந்த ஒருவரை, வேகம் போதாது என்று ஃபெயில் ஆக்கினாராம். சொந்த மாமனாரையே ஃபெயில் ஆக்கினார் என்பதும் ஒரு கதை. மாமனாரை ஃபெயில் ஆக்கியது வேறொரு அதிகாரி. இவர் ஓரமாக நின்று தலையை மட்டும் ஆட்டினார். அவர் சாலையைக் கடக்க நின்றால் சிவப்பு விளக்கு சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டுதான் பச்சையாகும் என்பார்கள். அது மட்டும் ஓரளவு நம்பும்படி இருந்தது.

வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அந்த வலது கால் ஓய்வெடுக்காது. மனைவி குழம்பில் உப்பு போடுவதைப் பார்த்தால் தரையை அழுத்தும். பக்கத்து வீட்டுப் பெண் சிரிப்பைக் கொஞ்சம் நீட்டினால் அழுத்தும். சர்ச்சில் போதகர் பிரசங்கத்தைச் சுற்றிவளைத்துக் கொண்டுபோனாலும் அழுத்தும். "ஏங்க, அவர் இன்னும் ரெண்டாவது கியருக்கே வரல, அதுக்குள்ள நிறுத்திட்டீங்களே" என்று மனைவி காதோரம் சொல்லுவாள். சர்ச்சில் சிரிக்கக்கூடாது என்பதால் அவர் சிரித்ததில்லை. வெளியிலும் பெரிதாகச் சிரித்ததில்லை என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவரைச் சபை மூப்பராகத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. அந்தச் சபையில் ஒரு பழக்கம் இருந்தது. அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்கு முந்தின வாரம் மூப்பர்கள் தங்கள் பொறுப்பில் உள்ள தெருவில் வீடு வீடாகப் போவார்கள். யாரோடாவது மனவருத்தம் உண்டா, உன் தப்புக்கு நீ வருந்துகிறாயா என்று விசாரிப்பார்கள். பிறகு ஒரு சின்னப் பித்தளை வில்லையைக் கையில் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வில்லையைத் தட்டில் போட்டவர்கள்தான் ஆண்டவரின் மேசையில் பங்குபெறலாம். வில்லை இல்லாதவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், எல்லாரும் பார்க்க.

பிரேக்குக்குக் கடைத்தெரு கிடைத்தது. அதில்தான் அவருடைய அக்காவின் சலவைக்கடை.

தாய் போன பிறகு அவருக்குத் தலைவாரிவிட்டு, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு, திருமணத்துக்குப் பெண் பார்த்தது வரை எல்லாம் அந்த அக்காதான். கணவர் காலமானதிலிருந்து கடைக்கு மேலேயே தனியாக இருந்தாள். நீராவியும் சோப்பு வாசனையும் நிறைந்த கடை. கூரையிலிருந்து சட்டைகள் வரிசையாகத் தொங்கும், பெரிய கூட்டம் ஒன்று தலையில்லாமல் வந்து நிற்கிற மாதிரி. ஊரின் கறை அத்தனையும் அவள் கைக்கு வந்துதான் போகும். யார் காலரில் என்ன இருந்தது, யார் பையில் என்ன கிடைத்தது என்று அவள் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை.

பக்கத்துக் கடையில் கடிகாரம் பழுதுபார்க்கும் மனிதர் ஒருவர் இருந்தார். இன்றைக்குப் புழுக்கம் என்று மற்றவர்கள் சொல்வதுபோல, கடவுள் இல்லை என்று அவர் சாதாரணமாகச் சொல்லுவார். சாயங்காலம் கடையைச் சாத்தியதும் அக்காவின் தேய்ப்பு மேசைக்கு வந்து உட்காருவார். இருவரும் டீ குடித்துக்கொண்டு செஸ் ஆடுவார்கள். அவர் தினமும் தோற்பார்; தோற்றுவிட்டு மறுநாளும் வருவார்.

சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் அம்மாள் எதிர்மாடியில் குடியிருந்தாள். ஆராதனை முடிந்ததும் பிரேக்கை ஓரமாக அழைத்து, உங்கள் அக்கா கடையில் செஸ் பலகைக்கு மேலே இரண்டு தலை தெரிகிறது, அதில் ஒன்று கடவுளே இல்லை என்கிற தலை என்று தெரிவித்தாள். பிரேக்கின் கால் அங்கேயே, சர்ச் வாசல் கல்லை அழுத்தியது.

அந்த வாரம் வில்லைப் பையோடு கடைக்குப் போனவர், கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, அந்த ஆள் இங்க வர்றது நிக்கணும்."

"இது போதகர் கேக்கச் சொன்னதா, நீயா கேக்கறதா?"

"கடவுளே இல்லைங்கிற ஆளோட தினம் உக்காந்து டீ குடிச்சா சபையில என்ன நெனப்பாங்க?"

அக்கா தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவர் இல்லைங்கிறார். நான் இருக்கார்ங்கிறேன். அந்த விவகாரத்தைக் கடவுள் பாத்துக்குவார், அவருக்குத் தெம்பு இருக்கு. நீ எதுக்குடா நடுவுல மூச்சு வாங்கற?"

பிரேக் வில்லையைப் பையிலேயே வைத்துக்கொண்டார். அவள் கெஞ்சவில்லை. அவருடைய சட்டைகளை எடுத்து அடுக்கிக் கையில் கொடுத்தாள். ஒரு சுருக்கம் இல்லை. வழியெல்லாம் அதுதான் அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து மேசைக்குப் போனது. அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்காலைச் சுற்றிக்கொண்டு மற்றவர்கள் நகர்ந்தார்கள். பாட்டு வந்தபோது எல்லாரையும்விடக் கணீரென்று பாடினாள். ஆனால் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பிரேக்கின் சட்டைகள் மனைவி வழியாகப் போய் மனைவி வழியாக வந்தன. ஞாயிறு மதியம் அக்கா வீட்டில் சாப்பிடுகிற வழக்கம் நின்றது. "நீங்கதான் நிறுத்துனீங்க. இப்போ எங்க போய் நின்னிருக்குன்னு பாருங்க" என்றாள் மனைவி. கடமை என்று ஒன்று இருக்கிறதே என்றார் பிரேக். கடமைக்குச் சமைக்கத் தெரியுமா என்று அவள் கேட்டாள்.

அடுத்த திருவிருந்து நெருங்கியது. போதகர் அவரைக் கூப்பிட்டுச் சபை விதியை நினைவுபடுத்தினார். இரண்டாவது முறையும் வில்லை பெறாதவரின் பெயர் சபையிலிருந்து எடுபடும். "உங்க தெரு, உங்க முடிவு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார் போதகர். சங்கடமான நேரங்களில் அவர் கண்ணாடி எப்போதும் மிகவும் அழுக்காகிவிடும்.

வில்லை கொடுக்கும் அந்த வாரத்தில்தான் டெஸ்டுக்கு வந்து நின்றார் கடிகாரக்காரர், கஞ்சிபோட்டுத் தேய்த்த சட்டையோடு. யார் கைத் தேய்ப்பு என்று பிரேக்குக்குப் பார்த்ததுமே தெரிந்தது. இன்னொரு அதிகாரிக்குக் காய்ச்சல்; இவர்தான் எடுத்தாக வேண்டும். பிரேக்குக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் கைதட்டியது. அதற்கும் அவர் கடமை என்றே பெயர் வைத்தார்.

வண்டி கிளம்பியது. கடிகாரக்காரர் கண்ணாடியைப் பார்த்தார், கை காட்டினார், திரும்பினார். பல்சக்கரத்தில் பல்சக்கரம் பொருந்துவதுபோல எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. பிரேக் குற்றம் தேடினார். ஸ்டியரிங்கில் தேடினார், கியரில் தேடினார், கடைசியில் ஆளின் காதுமடலில்கூடத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. இடது, வலது என்பதைத் தவிர டெஸ்டில் எதுவும் பேசாதவர், அன்று பேச்சுக் கொடுத்தார். இந்த வயதில் வண்டி எதற்கு என்று கேட்டார்.

"அக்காவுக்கு மூட்டு வலி சார். துணியைத் தூக்கிட்டு வீடு வீடா நடக்க முடியல. வேன் வாங்கறாங்க, ஓட்ட ஆள் வேணும்ல."

அவர் அக்கா என்று சொன்னதே பிரேக்குக்குச் சூடாக ஏறியது. கடிகாரக்காரர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் மேலே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கொண்டுபோய் விடலாம்னும் நெனச்சேன். இப்போ அவங்க போறதில்ல. சர்ச்சுக்குப் போகாததுல இருந்து செஸ்ல தோத்துட்டே இருக்காங்க. எனக்கு ஜெயிக்கறதே பிடிக்கல சார்."

பிரேக்கின் கால் இறங்கியது.

வண்டி நடுச்சாலையில் குலுங்கி நின்றது. முன்னால் ஆள் இல்லை, மாடு இல்லை, காற்றில் பறந்த ஒரு காகிதம்கூட இல்லை. பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்தி அவருடைய வம்சத்தையே விசாரித்தது.

"சார், நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார் கடிகாரக்காரர். சண்டைக்குக் கேட்கவில்லை. ஓடாத கடிகாரத்தைத் திறந்து, எங்கே நின்றது என்று பார்க்கிற குரல்.

ஆய்வாளர் தன் பிரேக்கை மிதித்தால் ஓட்டுகிறவர் ஃபெயில். ஏன் மிதித்தார் என்று தாளில் ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். அதிவேகம், இடைவெளி போதாது, கவனக்குறைவு. அந்த வரிகள் எல்லாம் அவர் விரல்களுக்கு மனப்பாடம். யாரும் மறுத்துக் கேட்கப்போவதில்லை. பேனாவை எடுத்தார். எழுத வரவில்லை. சாலையில் எதையும் பார்த்து அவர் மிதிக்கவில்லை. காதில் விழுந்த ஒரு உண்மை பிடிக்காமல் மிதித்திருந்தார். அக்கா கடையிலும் அதையேதான் செய்தார். அங்கே சபையில் யாராவது ஏதாவது நினைப்பார்களே என்று மிதித்தார்.

"நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான் தேவையில்லாம மிதிச்சேன். ஓரமா போய்த் திருப்புங்க."

தாளிலும் அப்படியே எழுதினார்: ஆய்வாளரின் தவறு, ஓட்டியவர் தேர்ச்சி. அலுவலகக் குமாஸ்தா அதைப் படித்துவிட்டு, உங்களுக்கும் காய்ச்சலா சார் என்று கேட்டான். சாயங்காலத்துக்குள் கதை வளர்ந்து, பிரேக் நடுரோட்டில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டதாக ஊர் பேசியது. லாரிக்காரன் அழுதானாம்.

அழுகை எல்லாம் கிடையாது. ஆனால் மேசைமுன் உட்கார்ந்து யோசித்தபோது அவருக்கே விசித்திரமாக இருந்தது. வேலையில் அவர் இத்தனை வருடம் சரியாகத்தான் நடந்திருக்கிறார். விண்ணப்பம் போட்டவரை மட்டும் சோதிப்பார். திருப்பம் தப்பு என்பாரே தவிர, ஆளே தப்பு என்று சொன்னதில்லை. ஃபெயில் ஆனவரிடம், பழகிவிட்டுத் திரும்ப வாருங்கள் என்பார். ஆண்டவரின் வீட்டில் மட்டும் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்து வைத்திருந்தார்.

அன்றே கடைக்குப் போனார். செஸ் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கடிகாரக்காரர் நாசூக்காக எழுந்தார். "உக்காருங்க, உங்க முறை" என்றாள் அக்கா. தொங்கும் சட்டைகளுக்கு நடுவே, அவற்றில் ஒன்றுபோலவே பிரேக் நின்றார்.

"அக்கா, யாரோடவாவது மனவருத்தம் உண்டா?"

"உண்டு."

"யாரோட?"

"முன்னால நிக்கிறவனோட."

"அப்போ வில்லை குடுக்க முடியாதே" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். கடிகாரக்காரருக்கு டீ புரையேறியது. அக்கா சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு பலகையையே பார்த்தாள்.

பிரேக் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "தப்பு என்னோடது. கேக்க வேண்டியதக் கேக்கல. கேக்கக் கூடாததக் கேட்டேன். எல்லார் முன்னாடியும் உன்னை உக்கார வச்சேன்."

அக்கா எழுந்து, பாதியில் நின்ற ஒரு சட்டையை எடுத்து, கை, காலர், முதுகு எல்லாம் நிதானமாகத் தேய்த்து முடித்தாள். அதுவரை அவர் காத்திருந்தார். பிறகு சொன்னாள்: "என் கோபத்தைக் கேளு, என் வாயைக் கேளு, பதில் சொல்றேன். நான் சபைக்காரி, கேக்க உனக்கு உரிமை இருக்கு. இவர் நம்பாததுக்கு என்கிட்ட வந்து நிக்காத."

"நிக்கமாட்டேன்."

"அப்போ குடு" என்று கையை நீட்டினாள்.

விஷயம் மூப்பர் கூட்டத்துக்கு வராமல் இருக்குமா? ஆர்கன் அம்மாள் முறையாகப் புகார் கொடுத்திருந்தாள். பிரேக் எழுந்து நின்றார். பேசிப் பழகாத மனிதர். ஆனால் அன்று பேசினார். என் அக்கா பொய் சொன்னால், யாரையாவது நோகடித்தால், முதல் ஆளாக நானே போய்க் கேட்பேன் என்றார். அவளும் என்னைக் கேட்கலாம், கேட்டும்விட்டாள் என்றார். கடிகாரக்காரரைப் பற்றி நாம் இங்கே தீர்ப்பு எழுத முடியாது, அவர் நம்மிடம் டெஸ்டுக்கு விண்ணப்பமே போடவில்லை என்றதும் போதகருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"அப்படின்னா நம்பிக்கைங்கிறது சின்ன விஷயமா?" என்று மூத்த மூப்பர் ஒருவர் மடக்கினார்.

"ரொம்பப் பெரிய விஷயம்ங்க. அதனாலதான் அது என் கையில இல்ல."

கூட்டத்தில் சிலருக்கு அது பிடித்தது, சிலருக்குப் பிடிக்கவில்லை. வில்லை கொடுத்தது கொடுத்ததுதான் என்று போதகர் முடித்துவிட்டார். பெயர் சபையிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வில்லையைத் தட்டில் போட்டாள். தம்பிக்குப் பக்கத்தில் நின்று பங்குபெற்றாள். வெளியே புது வேனில் கடிகாரக்காரர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். படியிறங்கும்போது ஆர்கன் அம்மாள் பிரேக்கின் கையைப் பிடித்து நிறுத்தினாள். இவ்வளவு தூரம் வந்தவர் உள்ளே வராமல் உட்கார்ந்திருக்கிறாரே, நீங்கள் போய் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றாள்.

சொல்லவேண்டியதுதான் என்று பிரேக் விடுவிடென்று இறங்கிப் போனார். அம்மாள் ஆவலோடு கழுத்தை நீட்டினாள். அவர் வேன் கண்ணாடியைத் தட்டினார்.

"பின்சக்கரம் ஓரத்துல இருந்து ரொம்பத் தள்ளி நிக்குது. எடுத்து ஒழுங்கா போடுங்க."

கடிகாரக்காரர் எட்டிப் பார்த்தார். உண்மைதான். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். பிரேக் பின்னால் போய் நின்று, வா, வா, இன்னும் கொஞ்சம் என்று கையை அசைத்துக்கொண்டிருந்தார்.