அப்பாவுக்கு ஷிப்ட் என்று பேர்

வைட்ஃபீல்ட் அலுவலகத்தின் சரக்கு லிஃப்டில் ஈர இரும்பும் கிரீஸும் கலந்த வாடை அடித்தபோது, பக்கத்தில் நின்ற பையன் "உங்க ஷிப்ட் எப்ப முடியும்?" என்று கேட்டான், எனக்குச் சட்டென்று கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளும் அப்பாவின் சட்டையும் நினைவுக்கு வந்துவிட்டன.

அவரும் அந்த வாடையோடுதான் சுரங்கத்திலிருந்து வருவார். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பதால், எங்கள் லைன் பெண்களுக்கு ஷிப்ட் என்றால் வேலை நேரம் மட்டுமல்ல, வீட்டுக்காரரும்தான், "உன் ஷிப்ட் தூங்குதாடி?", "என் ஷிப்டுக்குக் காரம் ஆகாது" என்று குழாயடி முழுக்க அந்தச் சொல்லே புழங்கும்.

ஒரு மத்தியானம் தரை குலுங்கி அலமாரித் தட்டுகள் கலகலத்தன. பூமிக்குள் பாறை வெடித்தால் அப்படித்தான் குலுங்கும். பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள், குழாய் அதுபாட்டுக்கு ஓடியது, ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், அப்பாவை மட்டும் காணோம்.

"உன் ஷிப்ட் மேல ஏறிடுச்சாம்மா?" என்று பக்கத்து வீட்டு மேரியக்கா கேட்டாள்.

"தேவராஜ் இன்னும் வரலக்கா" என்றாள் அம்மா.

அம்மா வாயில் அப்பாவின் பேரை அன்றுதான் முதல்முறை கேட்டேன். தரை குலுங்கியதைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

இருட்டுவதற்குள் அப்பா வந்தார். "ஷிப்ட் வந்துடுச்சுக்கா!" என்று அம்மா லைனுக்கே கேட்கும்படி கத்தினாள்.

இன்று அந்த லைனே இல்லை. அங்கே புழங்கிய இங்கிலீஷ் சொற்களுக்கு எங்கள் ஆட்கள் கொடுத்த அர்த்தங்களையெல்லாம் சேர்க்கப்போகிறேன். ஞாயிறன்று, அவர்கள் இருவரும் இப்போது குடியிருக்கும் காக்ஸ் டவுன் வீட்டில், அம்மாவிடம் ஆரம்பிக்கிறேன். அப்பா பக்கத்தில் இருக்கும்போதே, பயமில்லாமல், தேவராஜ் என்ற பேரை இன்னொரு முறை சொல்லவைக்க முடிகிறதா என்று பார்க்கவேண்டும்.